அளவய்யா தங்கியிருக்கும் ஓட்டல்

தென்னிந்தியாவில் பார்த்தே தீர வேண்டிய கட்டிடங்கள் இரண்டு. ஒன்று தஞ்சாவூரில் இருக்கிறது. மற்றது மொரப்பூர் ரயிலடிக்கு எதிரே நாம் உட்கார்ந்திருக்கும் இந்த ஓட்டல். தஞ்சாவூர்க்காரர்கள் மனம் வருந்துவார்களே என்றுதான் அதை முதலில் சொன்னேன்.

பழைய கட்டிடங்களைப் பற்றிக் குறிப்பெடுக்கச் சேலத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். இதுவரை இங்கே வந்தவர்கள் எல்லாரும் வரப்புத் தகராறைப் பற்றித்தான் கேட்டார்கள். வரலாறு கேட்ட முதல் ஆள் நீங்கள். காப்பியைக் குடியுங்கள். ஆறிவிட்டால் அதன் உண்மையான ருசி தெரிந்துவிடும்.

ரயில் பாதை போட்ட காலத்தில் என் முப்பாட்டனார் இதைக் கட்டினார். பாதை போட வந்த துரைமார்களுக்குக் கோழிக்குழம்பும் கட்டிலும் கொடுத்தார். பாதை முடிந்தது, துரைமார்கள் போனார்கள், கட்டிலில் மூட்டைப்பூச்சிகள் மட்டும் தங்கிவிட்டன. அதன் பிறகு இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கட்டிடத்துக்கு இதைவிடப் பெரிய குறை கிடையாது.

நாற்பத்திரண்டில் ஆகஸ்டு கலவரத்தின்போது கல்லூரியை மூடினார்கள். நான் இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது என் அப்பா பச்சியப்பன் ஊருக்குள் சொன்னது. கல்லூரியில் எனக்கு நாடகம் எழுதுகிறவன் என்றுதான் பெயர். செத்துப்போன துரை ஒருவருக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துக் கும்பிடுகிற ஊரைப் பற்றி ஒன்று எழுதினேன். பிரின்ஸிபால் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆயுசு முடியாமல் ஒருவர் செத்தால், செத்த இடத்திலேயே அவரைச் சாமியாக உட்கார வைத்துவிடுவார்கள். பிறகு அந்த இடத்தில் கடப்பாரை படாது.

ஊருக்கு வந்தால் ஓட்டலை இடிக்கப்போகிறார்கள் என்றார்கள். யுத்தத்துக்குச் சரக்கு ஏற்ற இன்னொரு தண்டவாளம் வேண்டுமாம். அதன் வழியில் நாங்கள் இருந்தோம். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். ஓட்டல்காரரே சாப்பிடவில்லை என்றால் வருகிறவர்கள் சமையலைச் சந்தேகிப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் அவர் சமையல்கட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். விற்ற மாட்டைக் கடைசியாகத் தடவுவது போல் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஏதாவது செய்தாக வேண்டும் என்று தோன்றியது.

இடத்தை அளக்க வந்தவர் ஓவர்சியர் சூசைநாதன். நல்ல மனிதர், இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. பகலில் சங்கிலி போட்டு அளந்துவிட்டு, இங்கேயே கீழ் அறையில் தங்கினார். அன்றைய அளவை அப்பாவிடம் சொல்லும்போது மட்டும், துக்கம் விசாரிக்க வந்தவர் போலக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

முதலில் பொய்யிலேயே காரியம் முடிகிறதா என்று பார்த்தேன். முப்பாட்டனார் காலத்தில் மாடி அறையில் ஒரு துரை வாந்திபேதியில் செத்தார், இன்னும் நடமாடுகிறார், இடிக்க ஒரு ஆளும் வரமாட்டான் என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு போய், இங்கே கூட்டிப் பெருக்கும் கோவிந்தம்மாளிடம் விசாரித்தார். அவள் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“அபாண்டமுங்க. எங்க மாமியா காலத்துல இருந்து நாங்கதான் கூட்டறோம். இந்த வூட்டுல ஒரு சாவு வுழுந்ததில்லீங்க. சுத்தமான வூடு.”

பெருமையாகத்தான் சொன்னாள். ஓவர்சியர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “தம்பி, கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா செத்த ஆளு ஒருத்தர் வேணுமில்ல?”

ஆள் வேண்டும் என்று சொன்னது அவர். இதை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

மாடியில், ரயிலடியைப் பார்த்தபடி பலகை போட்ட தாழ்வாரம் ஒன்று உண்டு. அதன் தெற்கு மூலையில் பலகை உளுத்துப்போயிருந்தது. மேலே தங்க வருகிற ஒவ்வொருவரிடமும், சாவியைக் கொடுக்கும்போதே, தெற்கு மூலைக்கு மட்டும் போகாதீர்கள் என்று அப்பா சொல்லிவிடுவார். பலகையை மாற்றுவதைவிட அது சுலபம். எங்கள் நிர்வாகம் அப்படி.

அப்பா கத்தரிக்காய் வாங்க மாரண்டஹள்ளிக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம், ஓவர்சியர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார். அவருக்கு இரைப்பு உண்டு. கீழ் அறை புழுங்குகிறது, கொஞ்சம் காற்று வேண்டும் என்றார். மாடிச் சாவியைக் கொடுத்தேன். அப்பா சொல்வதைச் சொல்லவில்லை. அது அப்பா சொல்வது. பிறகு ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன். எந்தப் பக்கம் காற்று வரும் என்று கேட்டார். தெற்கு மூலையில் என்றேன். அது உண்மை. நேர் கீழே மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் கல்தொட்டி இருந்தது. அதை நான் நகர்த்தவில்லை. எப்போதும் அங்கேதான் கிடக்கும். நான் நகர்த்தியது நாற்காலியை மட்டும்.

“உங்களுக்குத்தான் சிரமம் தம்பி” என்றார்.

நான் இறங்கி வந்து கல்லாவில் உட்கார்ந்தேன். பாசஞ்சர் வந்து நின்ற இரைச்சலில் வேறு சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று விசாரிக்க வந்தவர்களிடம் சொன்னேன். அன்று பாசஞ்சர் தாமதம். அதை யாரும் கேட்கவில்லை.

அதன் பிறகு வரலாறு தானாக நடந்தது. இடிக்க வந்த நல்லம்பள்ளி மேஸ்திரி சென்றாயன் வாசலிலேயே கடப்பாரையைச் சாய்த்துவிட்டுக் கும்பிட்டான். “அய்யா குடியிருக்கற வூடுங்க. இத இடிச்சா எங்க புள்ளகுட்டி உருப்படுமுங்களா?” வத்தல்மலையிலிருந்து வேறு ஆட்களை இறக்கினார்கள். அவர்கள் கற்பூரம் ஏற்றிவிட்டு மலையேறிவிட்டார்கள். தண்டவாளம் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் போனது. அப்பா அன்று இரண்டு ஆள் சோறு சாப்பிட்டார்.

அவர் விழுந்த தாழ்வாரத்தை ஒட்டிய மாடி அறையில் உட்கார வைத்து, அளவய்யா என்று பெயர் வைத்தார்கள். குடிக்காத மனிதர் என்பதால் டீ படைக்கிறார்கள். வரப்புத் தகராறு என்றால் இரண்டு தரப்பும் வந்து, அங்கே அவருடைய அளவுச் சங்கிலியைத் தொட்டுச் சத்தியம் செய்கிறார்கள். பொய் அளவு சொன்னவனுக்கு மூச்சு இரைக்குமாம். கோர்ட்டில் இத்தனை சீக்கிரம் தீர்ப்பு கிடைக்காது. விபூதி கொடுப்பது கோவிந்தம்மாள்.

ஓவர்சியரின் மனைவி சகாயமேரி, பெட்டியை எடுத்துப்போக வந்தார். மாடியில் புகைந்த கற்பூரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார். அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

“படி ஏறுனாலே அவருக்கு மூச்சு வாங்குமுங்க. அவராவா மேல போறேன்னாரு?”

காற்று வேண்டும் என்று அவர்தான் கேட்டார் என்றேன். அதுவும் உண்மை. ஓவர்சியர் செத்த பிறகு நான் சொன்ன பொய் ஒன்றுதான், அது ரயிலைப் பற்றியது. அந்த அம்மாள் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தார். நான் தூக்கி வருகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டார்.

நாலு வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போது ஏன் சொல்கிறாய் என்று உங்கள் முகம் கேட்கிறது. நாடகம் போட்டால் நோட்டீசில் எழுதியவன் பெயர் இருக்கும். இத்தனை பெரிய காரியம் செய்தவன் பெயர் தெரியாமல் கிடப்பது என் மனத்துக்கு ஒப்பவில்லை. பெரியண்ணன், பச்சியப்பன் மகன் என்று எழுதுங்கள். சூசைநாதனைக் கொன்றது நான். அதைத் தவிர இந்தக் கட்டிடத்துக்கு வேறு வரலாறு கிடையாது. பயமா என்று கேட்காதீர்கள். படித்தவன் நான், செத்தவர் செத்தவர்தான். இந்தப் படையலையும் சத்தியத்தையும் பார்த்து எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

அறையைப் பார்க்க வேண்டுமா. தாராளமாகப் பார்க்கலாம். செருப்பை இங்கேயே விட்டுவிடுங்கள். படிக்கட்டில் கொஞ்சம் நில்லுங்கள், பேச வேண்டாம். வெளியாள் ஒருவர் வந்திருக்கிறார், மேலே கூட்டி வரட்டுமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறேன்.