புல்லின் மேற்கோள் எண்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் புலத்தலைவர் ரைண்டர் அவர்களே, மேடையில் உள்ள பெரியோரே, காப்பியை ஆறவிட்டு அமர்ந்திருக்கும் நண்பர்களே,

பேராசிரியர் லீஸ்பெத் வான் ஆர்க்கல் இறந்துவிட்டார். இந்த வாரம் முழுவதும் இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கிறேன். உள்ளே எதுவும் அசையவில்லை.

எந்த ஆய்வை எத்தனை பேர் மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணுவது எங்கள் மையத்தின் தொழில். அந்த எண்ணால் துறைகள் வளரும். மூடப்படும். எண்ணுவதில் லீஸ்பெத்துக்கு நிகர் யார்? ஆனால் எண்ணி முடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஓர் ஆய்வைப் பயன்படுத்துகிறவர்களை நேரில் பார்க்காமல் அவர் எந்த அறிக்கையிலும் கையெழுத்திட்டதில்லை. மழையிலும் போனார்! எதிர்காற்றிலும் போனார்!

சென்ற மாதம் சீட்சேயின் ஆய்வை எண்ணும் முறை வந்தது. கடலணையின் மண்ணைப் பிடித்து நிறுத்தும் புல்லின் வேரை ஆராய்பவர். அதோ, கதவோரம் நிற்கிறார். அணைக் காவலர்களுக்காக டச்சு மொழியில் எழுதுகிறார். எங்கள் தரவுத்தளம் பார்ப்பதோ ஆங்கில இதழ்களை. ஆகவே அவரது மேற்கோள் எண் பூஜ்யம். அவரது துறையை மூடுவதா என்று வரும் செவ்வாய்க்கிழமை முடிவாகும்.

ரைண்டர் அன்று கேலி செய்தார். "பூஜ்யத்தைப் பாக்க யாராவது சைக்கிள் மிதிப்பாங்களா, லீஸ்பெத்? எண்ணைக் குடுத்துட்டு வீட்டுக்குப் போங்க."

லீஸ்பெத் விடவில்லை. "அணைக்காரங்க சீட்சே சொன்ன புல்லை வெதச்சுட்டு அடுத்த வேலையைப் பாக்கப் போயிடறாங்க. அடிக்குறிப்பு எழுத அவங்களுக்கு ஏது நேரம்? உங்க வீடு கடல் மட்டத்துக்குக் கீழதானே, ரைண்டர்? நல்லாத் தூக்கம் வருதா?"

அறையே சிரித்தது. ரைண்டரும் சிரித்தார்.

அடுத்த வாரம் லீஸ்பெத் சைக்கிளில் அணைக்குக் கிளம்பினார். வழியில் இதயம் நின்றது. போய்ச் சேரவில்லை.

எங்கள் கணினிக்கு அது தெரியாது. நேற்று அவரது மேற்கோள் எண் கூடியிருந்தது. யாரோ அவரது ஆய்வை மறுத்து எழுதியிருக்கிறார். மறுப்பும் ஒரு மேற்கோளாகவே எண்ணிக்கையில் சேரும். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. லீஸ்பெத், இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

சற்று முன், கோட்டைக் கழற்றி மாட்டும் இடத்தில், ரைண்டர் என் தோளைத் தொட்டார். "ரொம்ப வருத்தமா இருக்கு, யோலைன்." பிறகு குரலைத் தாழ்த்தி, "செவ்வாய்க்குள்ள சீட்சே அறிக்கை வந்துடும்ல? எண்தான் இருக்கே, அது போதும்."

தலையாட்டினேன் என்று நினைக்கிறேன். இந்த அவையில் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

லீஸ்பெத் விட்டுச்சென்ற அந்த அறிக்கை இப்போது என் பொறுப்பு. எண் தயார். கையெழுத்து தயாரில்லை. அணைக் காவலர்களைப் பார்க்காமல் அந்த அறிக்கை வராது. செவ்வாய்க்கிழமை காத்திருக்கட்டும். பேராசிரியர் லீஸ்பெத் வான் ஆர்க்கலின் பெயரால் நான் தரும் உறுதி இது.

சீட்சே, நாளைக் காலை வருகிறேன். எனக்கு வழி தெரியாது. கூட வாருங்கள்.