முனியாண்டிக்கு எடுத்த வாள்

மியூசியத்துக்குள் செருப்போடு போகலாம் என்பது எனக்குத் தெரியாது. வாசலில் கழற்றிவிட்டுத்தான் போனேன். எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் வாளை மலாக்கா டவுனில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் பஸ் ஏறிப் பார்த்து வந்தேன். பிறை மாதிரி வளைந்தது. பிடியில் பொன் கொடிகள், அலகில் அரபு எழுத்து. துருக்கி, பாரசீக வேலைப்பாடு என்று அட்டையில் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் தொழிற்சங்க வகுப்பில் தமிழும் மலாயும் படித்தவன் நான்; கூட்டிக் கூட்டி வாசித்தேன். துரையின் அன்பளிப்பாம். என் பக்கத்து வீட்டு வீரப்பன் பெயர் இல்லை.

நான் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன். தோட்டத்து முனியாண்டி கோயிலில் சாமியாடுகிறவனும் நான்தான். அங்கே சாமி கையில் மரக்கத்திதான். 1951இல் பங்களாவில் புல் வெட்டப் போனபோது சுவரில் அந்த வாளைப் பார்த்தேன். சாக்கில் சுற்றி எடுத்து வந்தேன்.

வழியில் வீரப்பன் பார்த்துவிட்டான்.

“என்னாண்ணே, முனியாண்டியும் தொரையாயிட்டாரா? நான் பாக்கல, போங்க” என்று சிரித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளோடு வெள்ளைக்காரன் சண்டை போட்ட அவசரகாலம் அது. வாள் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விட்டது என்று போலீஸ் நினைத்தது. பெரியதம்பி கங்காணி வந்தார்.

“ஆளக் காட்டலன்னா லயத்து வீட்டு சனம் எல்லாத்தையும் லோரியில ஏத்தி முகாமுக்குக் கொண்டு போயிருவானுங்க. சாமியே சொல்லட்டும்பா.”

எது காணாமல் போனாலும் முனியாண்டியிடம் கேட்பது எங்கள் வழக்கம். ஊரடங்கினால் பூசையைப் பகலிலேயே வைத்தார்கள். காலையில் எல்லாரும் வெட்டுக்குப் போயிருந்த நேரம், வாளை வீரப்பனின் ஆட்டுக்கொட்டகைக் கூரையில் செருகினேன். யோசித்துத்தான் செய்தேன். பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

உடுக்கை அடித்தார்கள். ஆடினேன். அவனைக் காட்டினேன். கூரையையும் காட்டினேன்.

“அண்ணே, நீங்களா சொல்றீங்க?” என்றான்.

அதற்கு மேல் அவன் சொன்னதை யாரும் கேட்கவில்லை. சாமியை எதிர்த்துப் பேசுகிறான் என்று அடித்தார்கள். போலீஸ் அவனை முகாமில் ஒரு வருசம் வைத்து, கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பியது. கைக்குழந்தையாய் மலாயாவுக்கு வந்தவன், அங்கே அவனுக்கு ஆளில்லை. கடிதமும் இல்லை.

அவன் மனைவி மீனம்மா எட்டு வருசமாக வெள்ளிக்கிழமை தவறாமல் என்னிடம் வருகிறாள்.

“அவரு வருவாரான்னு சாமியக் கேட்டுச் சொல்லுங்கண்ணே.”

உடம்பைக் குலுக்கி, வருவான் என்று சொல்லி, திருநீறு கொடுத்து அனுப்புகிறேன். போன வெள்ளியும் கொடுத்தேன்.

மரக்கத்திக்கு வராத சாமி அந்த வாளுக்காவது வரும் என்றுதான் எடுத்தேன். என்மேல் சாமி ஒருநாளும் வந்ததில்லை.