காப்புக் கட்டிய வாரம்

பங்குனியில் நரிக்குடி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும். அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் பொங்கல் முடியும்வரை அந்தப் பக்கத்துச் சனம் ஊர் எல்லையைத் தாண்டாது. எனக்கும் அந்தப் பக்கம்தான், அதனால் தெரியும். ஒத்தப்பனைப்பட்டிக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தை அந்த வாரத்தில் வைத்ததும் நான்தான்.

விசாரணையில் நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. நகரமைப்பு அலுவலகத்தில் நிலப்படம் வரைகிறவன் நான். விவசாய நிலம் பச்சை, தொழிற்சாலை ஊதா. பச்சையை ஊதாவாக்க ஊராரைக் கூப்பிட்டு ஆட்சேபணை கேட்க வேண்டும். ஒருத்தர் எழுந்து பேசினாலும் குழு ஒத்திவைத்துவிடும், அப்புறம் இடத்தைப் பார்க்க வெயிலில் அலைய வேண்டும். என் மேசையில் கோப்பு தேங்கியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஒத்தப்பனைப்பட்டியில் இடம் கேட்ட பட்டாசு ஆலைக்காரரிடம் நான் ஒரு டீகூடக் குடித்ததில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆலைக்குக் கேட்ட இடத்தை ஒட்டி ஒரு வரிசை வீடுகள் இருந்தன. பட்டா இல்லாத புறம்போக்கு வீடுகள். அவற்றைப் படத்தில் போட்டால் வீட்டுக்கும் ஆலைக்கும் விதிப்படி விட வேண்டிய தூரம் பற்றாது, ஆலை வர முடியாது. போடாமல் விட்டேன். குழுவில் இருப்பவர்கள் படத்தைத்தான் பார்ப்பார்கள்.

கூட்டத்தன்று எங்கள் அலுவலக வராந்தா காலியாகக் கிடந்தது. பெத்தம்மாள் மட்டும் மஞ்சள் காப்புக் கையோடு வந்து நின்றாள். அந்த வரிசையில் கடைசி வீட்டுக்காரி. பார்த்ததும் எனக்கு எரிச்சல் வந்தது.

"எல்லைய தாண்டாதன்னு ஊரே தடுத்துச்சுய்யா. எம்மக செல்வலட்சுமிக்கு நடக்க ஏலாது. மருந்து வெடிச்சா எல்லாரும் ஓடிருவாக. அவ எப்பிடிய்யா ஓடுவா?"

நியாயமான கேள்விதான். உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன், கூப்பிடுவார்கள் என்றேன். உள்ளே போய் யாரும் வரவில்லை என்று குழுவிடம் சொன்னேன். அவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்பக்கமாகக் கிளம்பிய பிறகு, கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்று அவளிடம் சொன்னேன். "நல்லாருப்பீகய்யா" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறு வருஷம் ஆடியில் ஆலை வெடித்தது. அந்த வரிசையில் எல்லாரும் ஓடித் தப்பித்தார்கள், செல்வலட்சுமியைத் தவிர.

துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருப்பது மரியாதை இல்லை. காப்புக் கட்டியிருக்கும்போது தாய் எல்லை தாண்டினாள், அம்மன் மகளை எடுத்துக்கொண்டாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பெத்தம்மாளோடு யாரும் சேர்ந்து உட்காரவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நான் தாண்டுனதாலதானய்யா இப்பிடி ஆச்சு?"

கொஞ்சம் யோசித்தேன். "ஆமாம்மா, நீங்க அன்னைக்கு வந்திருக்கக் கூடாது" என்றேன்.

பெற்றவளுக்கு ஒரு காரணம் வேண்டும் இல்லையா, கொடுத்தேன். அதன்பிறகு அவள் யார்மீதும் புகார் கொடுக்கவில்லை. மனசு ஆறியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.