ஒரு விசில்னா நிக்கணும்

இல்ல தம்பி, டம்ளர் வைக்க இடம் இருக்கு, டம்ளர் வைக்க இடம் இருக்குன்னு அதையே மூணு தடவ சொல்லிட்டீங்க. நான் என்ன டீ குடிக்கவா புல்லு வெட்டுற டிராக்டர் வாங்க வந்திருக்கேன்? சரிவுல நிக்குமா, அதச் சொல்லுங்க. டம்ளர் நிக்கும், சரி. அது பக்கத்துல உக்காந்திருக்கிற நான் நிப்பேனா?

சிரிக்கிறீங்க. சிரிங்க, சிரிங்க. போன வியாழக்கிழமை வண்டியோட போய் குளத்துல விழுந்தவன் நானு. உங்களுக்கு என்ன, கடைக்குள்ள ஃபேனுக்கு அடியில நின்னு விக்கிறீங்க. அதுவும் இதே கடையில வாங்கின வண்டி, ரெண்டு வருஷம்கூட முழுசா ஆகல. அந்தா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உங்க மெக்கானிக் பிரிச்சுப் போட்டுப் பாக்குறாரே, அதுதான். அவர்கிட்ட சொல்லுங்க, ரொம்ப நோண்ட வேண்டாம்னு. மிதிச்சேன், பிரேக் பிடிக்கல, போயிடுச்சு. அவ்வளவுதான் கதை. அத ஓரமா போட்டுட்டு எனக்குப் புதுசா ஒண்ணு காட்டுங்க.

இது என்னது? ஸ்டியரிங் எங்க? … இல்லையா? இந்த ரெண்டு கம்பிதானா? ஏன் தம்பி, முப்பத்தோரு வருஷம் மலை ரூட்டுல பஸ் ஓட்டினவன்கிட்ட ஸ்டியரிங் இல்லாத வண்டியக் காட்டுறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? நின்ன இடத்துலயே சுத்தும்ங்கிறீங்க. எதுக்கு சுத்தணும்? நான் என்ன பம்பரமா?

இருபத்திரெண்டு கொண்டை ஊசி வளைவு. ஏறும்போதும் இருபத்திரெண்டு, எறங்கும்போதும் இருபத்திரெண்டு! ஒரு கீறல் கிடையாது என் பஸ்ல. டீசல் மிச்சம் பிடிக்கிறதுல டிப்போவுலயே நான்தான் மொத ஆளு. அதுக்காக மேடையில கூப்பிட்டு சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. இன்னும் ஹால்ல மாட்டியிருக்கு. பத்து நிமிஷம் முன்னாடி ஓடும், அது கெடக்கட்டும்.

ஆனா ஒண்ணு, இந்த பம்பர வண்டிய என் சம்சாரம் பாத்தா, இதுதான் வேணும்னு பிடிச்சுக்கிட்டு விடமாட்டா. அவதான் என் பஸ்ல கண்டக்டர்… ஆமா, சொல்லலையா? கல்யாணத்துக்கு முன்னாடி நாலு வருஷம், கல்யாணம் ஆகி இருபத்தேழு வருஷம், ஒரே வண்டி. முன்னாடி நான், பின்னாடி அவ. ரெண்டு விசில் அடிச்சா போகணும், ஒரு விசில் அடிச்சா நிக்கணும். எங்க குடும்பமே அப்படித்தான் ஓடுச்சு. மத்தவங்க பேசிப் பேசி சண்ட போடுறாங்க, எங்களுக்கு விசிலே போதும். இன்னும் அந்த விசில் அவ சாவிக்கொத்துலதான் தொங்குது. சாப்பிட வரணும்னா ரெண்டு. நான் ரொம்பப் பேசினா ஒண்ணு.

ஏன் விடமாட்டான்னா, அவ தோட்டம் அப்படி. ஒரு பாத்தியாவது சதுரமா இருக்கா? எல்லாம் வட்டம். வட்டத்தச் சுத்தி கல்லு, கல்லச் சுத்தி புல்லு. நடுவுல நாலடி பாதை, அதுவும் நேரா போகாது. இத்தன வருஷம் மலையில பாத்த வளைவு அவளுக்குப் பத்தல போல, வீட்டுக்குள்ளயும் நாலு வளைவு போட்டு வச்சிருக்கா. கடைசியில ஒரு குளம். பெருசெல்லாம் இல்ல, முழங்கால் தண்ணி. எனக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க. அந்தக் கல்லுல பிளேடு பட்டா பிளேடும் போச்சு, நானும் போச்சு. அதனால அவளுக்கு நல்லா திரும்புற வண்டி வேணும். எனக்கோ மேட்டுல நிக்கிற வண்டி வேணும். இந்த பம்பரத்தப் பாருங்க, முன்னாடி சக்கரம் ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சர் சக்கரம் மாதிரி தன்னால திரும்புது. மேட்டுல எந்தப் பக்கம் போகும்னு அதுக்கே தெரியாது.

எத்தன டிகிரியா? அது… இருக்கும். செங்குத்துன்னு சொல்ல முடியாது. வாளிய வச்சா வாளி நிக்கும், தண்ணி பாதி கொட்டிடும். அந்த அளவுக்கு சரிவு.

என்ன தம்பி அப்படிப் பாக்குறீங்க? இந்த ஊர்ல மேடே கிடையாதேன்னுதானே? எனக்கும் தெரியும். தட்டு மாதிரி ஊரு. அது வந்து… மேடு நான் போட்டதுதான்.

வேற என்ன பண்றது? வேலையில இருந்து ஓய்வு வாங்கி இங்க வீடு வாங்கினோம். மொத மாசம் தூக்கமே வரல எனக்கு. படுத்தா காலு தன்னால பிரேக்கத் தேடுது. அந்த நேரம் பாத்து எதிர்ல பெரிய கட்டடத்துக்கு அஸ்திவாரம் தோண்டினாங்க. மண்ண எங்கப்பா கொட்டுறீங்கன்னு லாரிக்காரன்கிட்ட கேட்டேன். சொல்ற எடத்துல கொட்டுறோம்னான். நம்ம வீட்டுப் பின்னாடி கொட்டுன்னுட்டேன். நாப்பத்தாறு லாரி! அவ அப்ப தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. பத்து நாள் கழிச்சு வந்து சமையலறை ஜன்னலத் தொறந்தா, வானத்தக் காணோம்.

நாலு நாள் பேசல. விசில்கூட இல்ல. அஞ்சாவது நாள் மண்வெட்டி எடுத்துக்கிட்டு வந்தா. ‘மேடு உங்களது, அடிவாரம் என்னது. என் பக்கம் வரக்கூடாது’ன்னு ஒரு கோடு கிழிச்சா. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் அந்த வட்டமெல்லாம்.

ஆனா தம்பி, சாயங்காலம் அந்த உச்சியில நாற்காலி போட்டு உக்காந்தா மெயின் ரோடு தெரியும். ஆறு இருபது பஸ் திரும்புறது தெரியும். கியர் மாத்துற சத்தத்த வச்சே டிரைவர் புதுசா பழசான்னு சொல்லிடுவேன். முன்னயெல்லாம் நான் மட்டும்தான். போன வருஷம் பாத்தா, அவளும் ஒரு நாற்காலியத் தூக்கிக்கிட்டு ஏறி வர்றா. பக்கத்துல போட்டு உக்காந்தா. எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?

அதுக்குத்தான் இப்ப ஆபத்து வந்திருக்கு. திங்கக்கிழமை காலையில மண்ணு வார்ற மெஷினுக்கு சொல்லிட்டா. மேட்டையே தரையாக்கப் போறாளாம். ‘மேடு இருந்தா நீங்க ஏறுவீங்க. ஏறினா எறங்குவீங்க. எறங்கினா நான் பாத்துக்கிட்டு நிக்கணும். என்னால ஆகாது’ங்கிறா. எந்த வண்டி மேலயும் அவளுக்கு நம்பிக்கை இல்ல. இன்னைக்கு சனி. நம்புற மாதிரி ஒரு வண்டியோட நான் வீட்டுக்குப் போகணும், இல்லாட்டி திங்கக்கிழமை என் மேடு போச்சு. அதனாலதான் தம்பி டம்ளர் கதையெல்லாம் வேண்டாங்கிறேன்.

இந்தப் பெருசு எப்படி? நாலு சக்கரமும் இழுக்குமா? ம்… தாழ்வா இருக்கு, டயரு அகலம். உக்காந்து பாக்குறேன். ஆஹா. இதுல மேட்டுல என்ன, மாடியிலயே ஏத்தலாம். அகலம் எவ்வளவு? நாலரை அடியா? பாதை நாலடிதான தம்பி! ரெண்டு பக்கமும் பூவ மிதிச்சுக்கிட்டுத்தான் போகணும். மேட்டக் காப்பாத்திட்டு வீட்ட விட்டு நான் போகணும்.

இத்தன வண்டி பாத்தாச்சு, ஒண்ணு நிக்குது, திரும்பல. ஒண்ணு திரும்புது, நிக்கல. அந்தப் பழசு ரெண்டுக்குமே சரியா இருந்துச்சு. மூணரை அடி. மேலயிருந்து கீழ நேரா விட்டா கம்முனு எறங்கும், பாத்தியச் சுத்தி அழகா வளையும். தங்கமான வண்டி… அதாவது, பிரேக் போற வரைக்கும்.

அன்னைக்கு பாருங்க, காலையில ஒரு தூத்தல். புல்லு ஈரம். உச்சியில இருந்து எறங்குறேன். பாதி மேடு வந்ததும் வேகம் எடுத்துடுச்சு. மிதிக்கிறேன், டயரு நின்னுடுச்சு, வண்டி நிக்கல, சறுக்கிக்கிட்டே போகுது. அவ கீழ பாத்தியில களை எடுத்துக்கிட்டு இருந்தவ நிமிந்து பாத்தா. பாத்துட்டு, விசில எடுத்து ஊதினா. ஒண்ணு. நீளமா. எனக்குக் கேட்டுச்சு தம்பி. முப்பத்தோரு வருஷத்துல அவ ஒரு விசில் அடிச்சு நான் நிக்காதது அன்னைக்குத்தான். திரும்பத் திரும்ப ஊதுறா. நான் போய்க்கிட்டே இருக்கேன். ஸ்டியரிங்க ஒடிச்சு அவளத் தாண்டி விட்டேன். வட்டம் ஒண்ணு போச்சு, வட்டம் ரெண்டு போச்சு, குளத்துல போய் மூக்கக் குத்தி நின்னுச்சு.

ஓடி வந்தா. கையத் தொட்டுப் பாத்தா, தலையத் தொட்டுப் பாத்தா. ‘கடைசி ஸ்டாப் வந்தாச்சு, எறங்குங்க டிரைவரே’ன்னா. நான் சிரிச்சுட்டேன். அவளும் சிரிச்சா. அப்புறம் உள்ள போய் சமையலறைக் குழாயத் தொறந்து விட்டுட்டு அழுதுக்கிட்டு இருந்தா. குழாய் சத்தத்துல எனக்குக் கேக்காதுன்னு நெனச்சா போல.

என்ன, மெக்கானிக் கண்ணாடியத் தட்டுறாரு? … பிரேக் நல்லா இருக்குதாமா? அதெப்படி இருக்கும்? … கம்பியா? எந்தக் கம்பி? … மெதுவா பேசச் சொல்லுங்க தம்பி அவர!

சரி. சொல்லிடுறேன். உங்களோட இருக்கட்டும். வண்டிக்குப் பின்னாடி ஒரு சின்னக் கம்பி இருக்கு இல்ல, இஞ்சின் ஓடாதப்ப கையால தள்ளுறதுக்கு. அத வெளிய இழுத்து விட்டா சக்கரம் சும்மா உருளும். எங்க பஸ் பாஷையில நியூட்ரல். மலை எறக்கத்துல நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம். தப்புதான், டிப்போவுல எழுதியே போட்டிருந்தான். ஆனா அந்தக் கடிகாரம் வேற எப்படி வந்துச்சுங்கிறீங்க? கை பழகிப்போச்சு தம்பி. உச்சிக்குப் போனதும் எறங்கி, கம்பிய இழுத்து விட்டுட்டு, ஏறி உக்காந்து உருட்டிக்கிட்டே வருவேன். ரெண்டு வருஷமா இதே வேலதான். மிச்சம் பிடிச்சது எவ்வளவுங்கிறீங்க? ஒரு டம்ளர் இருக்கும். நீங்க சொன்னீங்களே, அந்த டம்ளர்.

வண்டி மேல தப்பே இல்ல. எல்லாத் தப்பும் என்னது. அவகிட்ட எப்படிச் சொல்றது? வேணும்னே நியூட்ரல்ல விட்டேன்னு சொன்னா, மேட்ட விடுங்க, என்னையே அந்த மண்ணோட வாரிப் போடச் சொல்லுவா. அதான் பிரேக் பிடிக்கலன்னேன். அப்ப அவ வண்டியத் திட்டினா, உங்களத் திட்டினா, நானும் கூட சேந்து திட்டினேன். மன்னிச்சுக்குங்க. உண்மையச் சொன்னா, வண்டி நல்ல வண்டின்னு தெரிஞ்சு மேடு மிஞ்சும், சொல்லாட்டி மானம் மிஞ்சும். அதனால நீங்க என்ன பண்றீங்க, பிரேக் போச்சுன்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்துடுங்க, நான் இந்தப் பெருசயே…

என்ன, எங்க பாக்குறீங்க? என் முதுகுக்குப் பின்னாடி என்ன இருக்கு? தம்பி, எங்க போறீங்க? இருங்க, நான் இன்னும் முடிக்கவே இல்ல…

அது… விசில்தானே? ஒண்ணு.

… எப்ப வந்த? பம்பரத்தப் பத்திப் பேசுறப்பவா, பெருசப் பத்திப் பேசுறப்பவா? … கம்பி கதை ஆரம்பிக்கிறப்பவே வந்துட்டியா. முழுசும் கேட்டுட்டியா. இல்லம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா… சரி, பேசல. நீ பேசு. திட்டணும்னா இங்கயே திட்டிடு, வீடு வரைக்கும் கொண்டு வராத.

ஏய், உள்ள எங்க போற? அது ஒர்க் ஷாப்பு, எண்ணெயா கெடக்கு. அந்தப் பழைய வண்டியில ஏன் ஏறி உக்கார்ற? … சாவியா? நீயா ஓட்டப்போற? புதுசு வேண்டாமா, இதேதானா? அப்ப… அப்ப மேடு? திங்கக்கிழமை வர வேண்டாம்னு சொல்லிடுறியா? நெஜமாவா? மெக்கானிக் சார், அந்தக் கம்பிய உள்ள தள்ளி, எவன் இழுத்தாலும் வராத மாதிரி முறுக்கி விடுங்க. எவன்னா, நான்தான்.

அப்ப நான் என்ன பண்றது? … கீழ நிக்கணுமா, பாத்திகிட்ட? நின்னு? … இத எதுக்கு என் கையில குடுக்குற? இது உன் விசிலு. முப்பத்தோரு வருஷத்துல ஒரு தடவகூட நான் இதத் தொட்டதில்ல. இவ்வளவு லேசா இருக்கே.

தெரியும், தெரியும். ரெண்டுன்னா போகணும், ஒண்ணுன்னா நிக்கணும். எனக்கே பாடம் எடுக்குற… நிப்பல்ல? நான் ஊதினா நீ நிப்பல்ல?