ஜோடிப் பலகையும் பாதியில் நின்ற மாத்திரையும்

மன்றம் நிறைந்த கூட்டத்தைக் கண்ட மகிழ்ச்சியில் மணியைப் பார்க்க மறந்துவிட்ட கட்டடத் தொழிலாளர் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, எனக்கென்று எதையும் மிச்சம் வைக்காமல் அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே! கல் சுமந்து, கம்பி வளைத்து, காய்த்துப்போன கரங்களுக்குச் சொந்தக்காரர்களான பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் சுவருக்கு முட்டுக்கொடுத்து நிற்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

என்ன, பின்னால் கேட்கவில்லையா? இந்த மைக்கை நெட்டையான மருத்துவருக்கு வைத்தார்கள். கொஞ்சம் இறக்குங்கள் தம்பி. போதும், போதும், நான் அவ்வளவு குள்ளமும் இல்லை.

தலைவர் என்னை "மலேரியாவை விரட்டும் வீராங்கனை" என்றார். ஐயா, நான் யாரையும் விரட்டியதில்லை. காலையில் குனிந்தால் மாலையில்தான் நிமிர்வேன். மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்ப்பது என் தொழில். முகம் தெரியாது, முகவரி தெரியாது. கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டாகத்தான் நீங்கள் எனக்கு அறிமுகம். ஆகவே என்னிடம் உருக்கத்தை எதிர்பார்க்காதீர்கள். கண்டதைச் சொல்கிறேன், கேட்டதைச் சொல்கிறேன்.

உயர்ந்த கட்டடத்தின் வெளிச்சுவருக்கு எப்படி வண்ணம் அடிப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மாடியிலிருந்து கயிற்றில் தொங்கும் பலகை. இந்த முனைக்கு ஓர் ஆள், அந்த முனைக்கு ஓர் ஆள். இருவரும் சேர்ந்து கயிறு விட்டால்தான் பலகை இறங்கும், சேர்ந்து இழுத்தால்தான் ஏறும். ஒருவர் வராவிட்டால் மற்றவருக்கும் அன்று பலகை இல்லை. ஜோடி இல்லாமல் பலகை ஏறாது என்பது மேஸ்திரி போட்ட சட்டம்.

அப்படி ஒரு பலகையில் ஒரு பெரிய பெயிண்டர், ஒரு சின்ன பெயிண்டர். சின்னவரின் அக்காவைத்தான் பெரியவர் கட்டியிருக்கிறார். அந்த அம்மா கீழே அதே இடத்தில் மணல் சுமக்கிறார். அண்ணாந்து பார்த்தால் ஒரு பக்கம் கணவன், ஒரு பக்கம் தம்பி. அவருடைய பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே பலகையில் தொங்கின!

பெரியவருக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தம் வந்தது, நான் பார்த்தேன், மலேரியா இருந்தது. அதுவும் பதுங்கும் வகை. மாத்திரை கொடுத்த நர்ஸ், "பதினாலு நாளும் போடணும், நடுவுல நிறுத்தாதீங்க" என்று தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. காய்ச்சல் விட்டதும் நம் ஆள் மாத்திரையையும் விட்டார். மிச்சம் தகரப் பெட்டிக்குள் போயிற்று.

காய்ச்சல் போனால் கிருமி போயிற்றா? நடுக்கம் நின்றால் நோய் நின்றதா? இல்லை, இல்லவே இல்லை! ரத்தத்தில் அடிவாங்கியது போக, மீதி கல்லீரலில் கமுக்கமாகப் படுத்திருக்கும். அந்த மீதியைத் தேடிப்போய்த் தீர்க்கத்தான் மீதி மாத்திரை.

சில வாரம் கழித்துச் சின்னவருக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போனால் பலகை நின்றுவிடும். பெரியவர் பெட்டியைத் திறந்தார். "மாப்ள, எனக்குத்தான் நல்லாயிடுச்சே. இத நீ போட்டுக்க." கேட்ட அக்காவுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "என் தம்பி மேல இவருக்கு எம்புட்டுப் பாசம்!" என்று அவரே தண்ணீர் மொண்டு கொடுத்தார். சிரிக்காதீர்கள். சோற்றைப் பங்கு வைக்கலாம், சுமையைப் பங்கு வைக்கலாம். மாத்திரையைப் பங்கு வைக்கலாமா? ஒருவர் ரத்தத்தைப் பார்த்துக் கொடுத்தது இன்னொருவர் உடம்புக்கு ஒத்துக்கொள்ளும் என்று யார் சொன்னது? சிலருக்கு அது ஆபத்தாகவே முடியும்.

இந்தக் காய்ச்சல் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். நடுவில் விட்ட நாளைக் குணம் என்று நம்பினார் சின்னவர். மறுநாள் காலையிலேயே உடம்பு குளிர்ந்தது. சொன்னால் மாமாவுக்கு வேலை போகுமே என்று மறைத்தார். அதே காலையில், கல்லீரலில் படுத்திருந்தது எழுந்து பெரியவரையும் உலுக்கத் தொடங்கியிருந்தது. சொன்னால் மாப்பிள்ளைக்கு வேலை போகுமே என்று அவரும் மறைத்தார். இருவரும் மறைத்தார்கள், இருவரும் ஏறினார்கள்!

பலகை ஆடியதைக் கீழே இருந்த அக்கா பார்த்தார். வண்ண வாளி ஒன்று விழுந்து தெறித்தது. "மாமா, கை நிக்க மாட்டேங்குது" என்றது ஒரு குரல். "எனக்கும்தான்டா" என்றது இன்னொரு குரல். இறக்க இருவர் வேண்டும், இருவருக்கும் கயிறு பிடிக்கக் கை இல்லை. மாடிக்கு ஓடியவர்கள் மேலிருந்து பலகையை இழுத்து ஏற்றும்வரை, மணல் கூடையைத் தலையிலிருந்து இறக்கக்கூடத் தோன்றாமல் அந்த அம்மா நின்றார். எனக்கு இதைச் சொன்னபோது, "அப்போ யாரக் கூப்பிட்டு அழுவுறதுன்னே தெரியலம்மா" என்றார். 

இருவரும் எங்களிடம் வந்தார்கள். முறையாகப் பரிசோதனை, முறையாக மாத்திரை. காய்ச்சல் விட்டு, வேலைக்குப் போகலாம் என்று மருத்துவரும் சொன்ன பிறகுதான் அக்கா தன் சட்டத்தைக் கொண்டுவந்தார். நேரே மேஸ்திரியிடம் போனார்.

"அண்ணே, இவர் மாத்திரை போடறத அவன் பாக்கணும், அவன் போடறத இவர் பாக்கணும். பாக்காம ஏறினா, பலகைய நானே தூக்கிட்டு வீட்டுக்குப் போயிடுவேன்."

"ஏம்மா, நான் பெயிண்ட் பாக்கவா, மாத்திரை பாக்கவா?"

"ஜோடி இல்லாம ஏறக் கூடாதுன்னு சட்டம் போட்டீங்கல்ல? ஜோடி உசுரோட இருக்கணும்னும் ஒண்ணு போடுங்க. கொறஞ்சா போயிடுவீங்க?"

மேஸ்திரி அந்தச் சட்டத்தையும் போட்டார். இதோ, கைதட்டல் தாய்மார்கள் இருக்கும் அந்த மூலையிலிருந்துதான் பலமாக வருகிறது. மேஸ்திரிமார்கள் இந்தப் பக்கம் அமைதியாக இருக்கிறீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்று முதல் வயிற்றுக்குச் சாப்பிட்டு, பலகையருகே வந்து, எதிரெதிரே நின்று விழுங்கினார்கள். "வாயத் திற மாப்ள. நாக்கத் தூக்கு." "மாமா, பல்லப் பாத்து வாங்கறதுக்கு நான் என்ன மாடா?" "மாடுன்னா சொன்னபடி கேக்கும், திற."

மாத்திரை முடிந்தது. சில காலம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். நான் குனிந்தேன். நெடுநேரம் தேடினேன். 

"என்னம்மா தெரியுது?" என்றார் பெரியவர்.

"ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒண்ணுமே இல்ல" என்றேன்.

அந்த அம்மா சுவரோரம் உட்கார்ந்து விம்மி விம்மி அழத் தொடங்கினார். பெரியவர் பதறிப்போனார். "ஒண்ணும் இல்லன்னுதானே சொல்றாங்க, ஏன் அழுவுற?" 

"அன்னைக்கு அழ முடியலய்யா. இப்போ அழுதுக்கறேன், விடு" என்றார்.

உருக்கமாகப் பேச வரவில்லை என்று சொன்னேன். இப்போதும் சொல்கிறேன். ஆனால் ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவரைப் பார்த்தால் நாம் என்ன கேட்கிறோம்? "காய்ச்சல் விட்டுடுச்சா?" அந்தக் கேள்விதான் அவரை மாத்திரையை நிறுத்தச் சொல்கிறது! மனைவியும் கேள்வியை மாற்றிக் கேளுங்கள், மகனும் மாற்றிக் கேளுங்கள், மேஸ்திரியும் மாற்றிக் கேளுங்கள். "இன்னைக்கு மாத்திரை போட்டாச்சா?" என்று கேளுங்கள். "போட்டாச்சு" என்றால் நம்பாதீர்கள், எதிரில் நின்று போடச் சொல்லுங்கள். மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஒளிக்காமல் எங்களிடம் அழைத்து வாருங்கள்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், 'நேரமாகிவிட்டது' என்று சீட்டு அனுப்பாமல் பேசவிட்ட தலைவருக்கும் நன்றி. இங்கே இருக்கும் அத்தனை பேர் ரத்தத்தையும் நாளெல்லாம் பார்த்து, ஒன்றுமே இல்லாமல் நான் சலித்துப்போக வேண்டும் என்று வாழ்த்தி விடைபெறுகிறேன். வணக்கம்.