ஒரு பக்கம் நிறைய வேண்டும்

அப்புத்தளையிலிருந்து பண்டாரவளை போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர். மறுநாள் இங்கிலீஷ் பரீட்சை. ஒருத்தி "என் குடும்பம்" கட்டுரையை முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டிருந்த மற்றவள் சொன்னாள்:

"ஒங்க அண்ணன எடுத்துரு."

"ஏன்டி?"

"அவருதான் கப்பலேறி இந்தியாவுக்குப் போயிட்டாருல்ல. டீச்சர் நெசத்தத்தான் எழுதச் சொன்னாங்க."

"ம்."

"தங்கச்சியையும் எடுத்துரு."

கட்டுரைக்காரி பனி படிந்த ஜன்னல் கண்ணாடியை உள்ளங்கையால் துடைத்தாள்.

"அவ இந்தப் பஞ்சத்துலதானே செத்துப்போனா, அதான் சொன்னேன்."

"தெரியும். ஆனா ஒரு பக்கம் நெறைய எழுதாட்டி மார்க்கு போயிரும்டி. இப்ப லயத்து வீட்டுல இருக்கறவங்கள மட்டும் எழுதினா அரைப் பக்கந்தான் வருது."