கண்டது வேறு, தெரிந்தது வேறு

ஜூரிக் கடிதம், அதாவது ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்ல வரும்படி நீதிமன்றம் அனுப்பும் கடிதம், வந்தால் பயப்படத் தேவையில்லை. முதலில் உறையைத் திறந்து வாசிக்க வேண்டும். எம்மவர் பலர் அதைச் செய்வதில்லை. அரசாங்க முத்திரையைக் கண்டதும் ஊரில் ஆமி கூப்பிட்டுவிட்ட மாதிரிக் கைகால் உதறி, கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் செருகிவிடுகிறார்கள்.

எங்கள் பழைய மாணவர் சங்க ஆண்டு மலருக்கு இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி மலரின் ஆசிரியர் மரியரட்ணம் அண்ணை கேட்டார். கனடாவில், எங்கள் ஸ்காபரோத் தமிழரில் ஜூரியில் இருந்த முதல் ஆள் நான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு. நானும் மறுக்கவில்லை. கட்டுரை வந்தது, பலர் பாராட்டினார்கள். அதில் இடம் போதாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஜூரராக இருப்பதற்குப் பெரிய தகுதி ஒன்றும் வேண்டாம். பதினெட்டு வயது நிரம்பிய கனடியப் பிரஜையாக, ஒன்ராறியோவில் வசிப்பவராக இருக்க வேண்டும். வைத்தியர், வழக்கறிஞர், பொலிஸ்காரர் ஆகாது. பாரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரும் ஆகாது. நான் மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் சுப்பவைசர். பார்க்கிங் டிக்கெற்கூட வாங்கியதில்லை. தொண்ணூற்றைந்தில் பிரஜாவுரிமை எடுத்தேன், அடுத்த வருடமே கடிதம் வந்துவிட்டது.

மனைவி மங்கையற்கரசிதான் பதறினாள். "இங்கிலிஸ் தெரியாதெண்டு எழுதி அனுப்புங்கோ. எல்லாரும் அப்பிடித்தான் செய்யினம்," என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பொய் எழுதுவது குற்றம் என்று அந்தத் தாளிலேயே அச்சடித்திருந்தது. உள்ளதை உள்ளபடி நிரப்பி அனுப்பினேன். அழைப்பாணை வந்ததும் ஒரு சூட் தைப்பித்தேன்.

அதற்கு முன் வீட்டில் ஒரு சின்னக் கவலை இருந்து தீர்ந்திருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஒரே மகள், நிலாணி. அந்த வருடம் மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை பின்னேரம், வேலையால் வரும் வழியில் ஷெப்பர்ட் வீதி டோனற் கடைக் கண்ணாடிக்குள் அவளைக் கண்டேன். நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனவள். எதிரே ஒரு பொடியன், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. நான் உள்ளே போய்ச் சத்தம் போடவில்லை. நாலு பேர் முன்னால் மானம் போகிற வேலை எனக்குப் பிடிக்காது. காரை நிறுத்திவிட்டு, அவர்கள் எழும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். இருட்டி வெகு நேரமாகித்தான் எழும்பினார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, மரியரட்ணம் அண்ணையே வேதக்காரர்தான். அடுத்த மாதம் மேற்படிப்பு என்று சொல்லி நிலாணியை லண்டனில் இருக்கும் என் தங்கையிடம் அனுப்பினேன். காரணத்தை அவளுக்கும் சொல்லவில்லை, தாய்க்கும் சொல்லவில்லை. ஒருவர் மனமும் நோகாமல் விஷயம் முடிந்தது.

நீதிமன்றத்தில் எங்களை ஒரு பெரிய மண்டபத்தில் இருத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பெயர் றொபேட் நீக்கிலாப்பிள்ளை. அதை வாசித்து முடிக்க அந்த வெள்ளைக்காரக் கிளாக்கர் பட்ட பாடு பார்க்கப் பரிதாபமாக இருந்தது. எழும்பி நின்றவன் டோனற் கடைப் பொடியன். நகரத்தின் மற்ற அந்தத்தில், எற்றோபிக்கோவில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கத்தி காட்டிக் கொள்ளையடித்து, காசாளரின் கையை வெட்டியதாகக் குற்றச்சாட்டு. வாசித்த திகதியும் நேரமும் அந்த வியாழக்கிழமைப் பின்னேரம்தான். இவரை யாருக்காவது தெரியுமா என்று நீதிபதி கேட்டார். நான் நிதானமாக யோசித்தேன். அவனுடைய பெயரை அப்போதுதான் கேள்விப்பட்டேன். ஊர் தெரியாது, ஒரு வார்த்தை பேசியதில்லை. கண்டது வேறு, தெரிந்தது வேறு. ஆகவே கை உயர்த்தவில்லை.

பெயரைக் கூப்பிட்டு ஒவ்வொருவராக எழுப்பி, ஜூரரும் குற்றம் சாட்டப்பட்ட எதிரியும் ஒருவரை ஒருவர் பார்க்கும்படி சொல்வது இங்கே ஒரு முறை. "குலசிங்கம்" என்றதும் அவன் திடுக்கிட்டான். நிலாணியின் பெயருக்குப் பின்னால் வருவதும் குலசிங்கம்தானே. தன் வழக்கறிஞரின் காதில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். அதை அவனுடைய சம்மதமாகவே எடுத்துக்கொண்டேன். அவனுடைய வழக்கறிஞருக்கு ஒரு தமிழ் முகம் கிடைத்த சந்தோஷம்.

காசாளர் கூண்டைக் காட்டி இவன்தான் என்றார். அன்று பின்னேரம் முழுக்க அஜின்கோர்ட்டில், ஷெப்பர்ட் வீதி டோனற் கடையில் ஒரு சிநேகிதரோடு இருந்ததாக றொபேட் சொன்னான். கடைக்காரருக்கு ஞாபகம் இல்லை. சிநேகிதரின் பெயர் என்ன என்று அரச வழக்கறிஞர் திரும்பத் திரும்பக் கேட்டார். சொல்லமாட்டேன் என்றான். என் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நல்ல வளர்ப்பு, அதை மறுக்க முடியாது. அந்த நேரத்தில் அவன் எங்கே இருந்தான் என்பது அந்த மண்டபத்தில் அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் என்னிடம் அதை ஒருவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு பேரும் ஒருமித்தால்தான் தீர்ப்பு. ஜூரி அறையில் பத்துப் பேர் குற்றவாளி என்றார்கள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. கிளடிஸ் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு மட்டும் சந்தேகம். "ஒரு பெயரைச் சொன்னால் தப்பலாம். ஏன் சொல்லாமல் இருக்கிறான்? உங்கள் சமூகத்தில் இதற்கு ஏதும் அர்த்தம் உண்டா?" என்று என்னிடம் கேட்டார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். இந்த நாட்டுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு மேசையில் இருந்த அவ்வளவு வெள்ளைக்காரரும் என் கருத்துக்காகக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. அர்த்தம் ஏன் இல்லை? எங்கள் ஆட்களில் மானமுள்ள ஒரு ஆண்பிள்ளை உயிர் போனாலும் ஒரு பெட்டையின் பெயரைச் சபையில் இழுக்கமாட்டான். அவளுடைய வாழ்க்கை அதோடு முடிந்துவிடும். ஆனால் நீதிமன்றத்தில் கேட்டதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டும், வெளியில் அறிந்ததைக் கொண்டுவரக்கூடாது என்று நீதிபதி கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் சட்டத்தை மதிக்கிறவன்.

"எங்கள் ஆட்களில் குற்றம் செய்யாதவன் பெயரை மறைக்கமாட்டான்," என்றேன்.

கிளடிஸ் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். நான் இல்லாவிட்டால் இந்த நுணுக்கம் தங்களுக்கு விளங்கியே இராது என்று எங்கள் ஜூரித் தலைவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். றொபேட்டுக்கு நாலு வருடம் கிடைத்தது. தீர்ப்பைக் கேட்டு அவனுடைய தாய் குழறி அழுத சத்தம் கொஞ்சம் அதிகம்தான், வெள்ளைக்காரர் முன்னால் எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

ஜூரி அறையில் பேசியதை வெளியில் சொல்வது இந்த நாட்டில் குற்றம். ஆகவே இந்த விஷயத்தில் நான் செய்த ஒரே குற்றம், மேலே உள்ளதை எழுதியதுதான். அதை ஒப்புக்கொள்கிறேன்.

போன கிழமை நிலாணி லண்டனிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். நான் எந்த வழக்கில் இருந்தேன் என்று வீட்டில் மூச்சு விட்டதில்லை, அதனால் அவளுக்கும் தெரியாது. பள்ளிக்கூடச் சிநேகிதி ஒருத்தி றொபேட்டின் கதையைச் சொல்லியிருக்கிறாள்.

"அப்பா, நீங்கள் ஏசினாலும் பரவாயில்லை. அண்டைக்கு அவன் என்னோடைதான் இருந்தவன். நான் வந்து சொல்லட்டோ? உங்களுக்குத்தானே கோர்ட் விஷயம் தெரியும்," என்றாள். 

நான் ஏசவில்லை. "நீ சொன்னால் எடுபடாது பிள்ளை. வேண்டப்பட்ட ஆள் எண்டுவினம். உங்கள் ரெண்டு பேரையும் கண்ட வேறை ஒராள் வந்து சொல்லவேணும். ஆரும் கண்டவையோ?" என்று கேட்டேன்.

அன்று கடையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக எண்ணிச் சொல்லிப் பார்த்தாள்.

"ஒருத்தரும் காணேல்லை அப்பா," என்று சொல்லி அழத் தொடங்கினாள்.

பெற்ற மனம், எனக்கும் கவலையாகத்தான் இருந்தது. சாட்சி இல்லாத விஷயத்தில் மனதைப் போட்டு உழப்பாமல் படிப்பைக் கவனிக்கும்படி ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தேன்.